கெட்டி ஆயில், மெலிந்த ஆயில்: ஒரு எஞ்சினின் ஐந்தொகை

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. இந்தத் தடவை விஷயம் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. புதுசா கார் வாங்கின நண்பர்கள் பலர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஆயில் மூடியில 0டபிள்யூ-20ன்னு போட்டிருக்கே, ஊர்ல அப்பா 20டபிள்யூ-40க்குக் கீழ ஊத்தாதேங்கிறார், எது சரி?" நான் படித்தது பி.காம். பிஸ்டனுக்கும் எனக்கும் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. ஆனால் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒன்று புரிந்தது. இது பாதி எஞ்சினியரிங், மீதிப் பாதி சுத்தமான கணக்கு வழக்கு. அந்த மீதிப் பாதியைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

எங்கள் ஊர் குன்னத்துகால். பாறசாலையிலிருந்து வெள்ளறடை பக்கம் போகும் வழி. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் மெட்ராஸ் பக்கம் போய்விட்டன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது, கூடவே நாங்களும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தைக்குப் போனால் இரண்டும். ஏற்ற இறக்கமான ஊர். ரப்பர் ஷீட்டும் மரச்சீனிக் கிழங்கும் கருங்கல்லும் ஏற்றி இறக்க ஜீப்பும் டெம்போவும்தான். கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் அம்பாசடர். இந்த வண்டிகள் பாதி நேரம் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் முக்கிக்கொண்டே ஏறும். எஞ்சின் சீக்கிரம் தேயும்.

எங்கள் பக்கம் வொர்க்‌ஷாப் தலைவரை ஆசான் என்போம். ஆசான்மாருக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வண்டி புதுசா இருந்தால் முப்பது ஆயில். வயசானால் நாற்பது. நீலப் புகை விட ஆரம்பித்தால் ஐம்பது. "எண்ணெய் குடிக்குதா மக்கா? கெட்டியா ஊத்து, அடங்கும்" என்பார்கள். அடங்கவும் செய்யும். புகை குறையும், டக்‌டக் சத்தம் மட்டுப்படும், ஆயில் பிரஷர் மீட்டர் முள் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும்.

இது அறியாமை என்று சிலர் சிரிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எஞ்சின் பணி என்றால் எஞ்சினை இறக்கி, ரீபோர் அடித்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றுவது. பெரிய செலவு. அதோடு வண்டி பல நாள் வொர்க்‌ஷாப்பில் கிடக்கும், அத்தனை நாளும் வருமானம் கிடையாது. ஒரு வண்டியை வைத்துக்கொண்டு நாலு வயிறு கழுவுகிற வீட்டில் அது சின்ன விஷயமா? கெட்டி ஆயில் ஊற்றினால் இன்னும் ஒரு சீசன் ஓடும். வங்கியில் இதற்கு தவணை மறுசீரமைப்பு என்று பெயர். கடன் தீராது, கட்டுகிற நாள் தள்ளிப் போகும், இடையில் வட்டி ஏறும். இங்கே ஏறுகிற வட்டி பெட்ரோல் செலவும் காலையில் கூடுதல் தேய்மானமும்.

கெட்டியாக ஊற்றினால் ஏன் அடங்குகிறது? இதற்கு ஒரு சுவையான கதை உண்டு. 1883-இல் இங்கிலாந்தில் போஷம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுகளின் பேரிங்கை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேல்பக்கம் ஒரு ஓட்டை போட்டார். அச்சு சுற்றியதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக ஓட்டை வழியாக மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டை வைத்து அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. சுற்றுகிற அச்சு தானே எண்ணெயை உள்ளே இழுத்து, பெரிய அழுத்தத்தில் ஒரு படலமாக்கி, அதன்மேல் மிதக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். இன்று நம் காரில் கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதும் அப்படித்தான். உலோகத்தை உலோகம் தொடுவதில்லை, இடையில் முடியைவிட மெல்லிய ஒரு எண்ணெய்ப் படலம்.

அந்தப் படலத்தின் தடிமனை வேகம், சுமை, எண்ணெயின் கெட்டித்தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் எண்ணெய் பக்கவாட்டில் சீக்கிரம் வழிந்துவிடும். கெட்டி எண்ணெய் மெதுவாக வழியும், படலம் நிற்கும். தேய்ந்த ரிங் வழியாக மேலே ஏறுவதும் குறையும். நம் ஆட்களுக்கு இது புதுசும் இல்லை. நாகர்கோவில், தோவாளை பக்கம் மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போடுவார்கள். மசகு என்ற சொல்லே அங்கிருந்துதான் கார்வரை வந்தது. காஸ்ட்ரால் கம்பெனியின் பெயரில் இருப்பதும் அதே விளக்கெண்ணெய்தான். வேக்ஃபீல்டு கம்பெனி 1909-இல் ஆமணக்கெண்ணெய் கலந்து விற்ற எஞ்சின் ஆயிலுக்கு வைத்த பெயர் அது.

முப்பது, நாற்பது என்ற எண்கள் அமெரிக்க ஆட்டோமொபைல் எஞ்சினியர்கள் சங்கமான எஸ்ஏஇ கொடுத்தவை. முதல் விதிமுறை 1911-இல் வந்தது. அதற்கு முன்பு 'லைட்', 'மீடியம்', 'ஹெவி' என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தது. இன்றைய விதிப்படி 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் முப்பது ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள், நாற்பது 12.5 முதல் 16.3-க்குள், ஐம்பது 21.9-க்குள் இருக்க வேண்டும். இருபது என்றால் 6.9 முதல் 9.3 வரைதான். ஆக, நாற்பதுக்கும் இருபதுக்கும் நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். ஊரில் அப்பாக்கள் "தண்ணி மாதிரி இருக்கு" என்று சொல்வது வெறும் பேச்சு இல்லை.

டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்துக்கானது. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில் எஞ்சின் சுற்றுமா என்று சோதித்தது. 0டபிள்யூ என்றால் மைனஸ் 35. குன்னத்துகாலில் மார்கழி விடியற்காலையில் மப்ளர் கட்டிக்கொண்டு "என்னா குளிர்" என்று நடுங்குவோமே, அப்போதுகூட 20 டிகிரி இருக்கும் :-) அதனால் எங்கள் ஊரில் அந்த முதல் எண்ணை யாரும் சட்டை செய்ததில்லை. கனடாவில் இருக்கிற வாசகர்களுக்கு நேர் எதிர், அங்கே முதல் எண்தான் உயிர். ஜனவரியில் 20டபிள்யூ-50 ஊற்றி வைத்தால் காலையில் ஸ்டார்ட்டர் அழும்.

இப்போது அம்பாசடருக்கு வருவோம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் காரின் அச்சு அசல். கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் 1957-இல் ஆரம்பித்து 2014 மே வரை ஓட்டினார்கள். பல வருஷம் அதன் உயிர் பிஎம்சி கம்பெனியின் பி சீரிஸ் எஞ்சின், 1489 சிசி. அந்தக் காலத்து பி சீரிஸில் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. திருகு மரைபோல ஒரு வெட்டு, சுற்றும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு கோலம் போடுவதற்கு டிரைவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, பிறவியிலேயே அப்படி. இந்த மாதிரி எஞ்சினுக்குக் கெட்டி எண்ணெய் பொருந்தியதில் ஆச்சரியம் இல்லை.

அதே பிஎம்சி குடும்பத்தில் இன்னொரு கிளைக்கதை. 1959-இல் அலெக் இஸிகோனிஸ் மினி காரை வடிவமைத்தார். இடத்தை மிச்சம் பிடிக்க கியர்பாக்ஸையே எஞ்சினுக்கு அடியில் ஆயில் தொட்டிக்குள் வைத்துவிட்டார். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய். அந்தக் காலத்து மல்டிகிரேடு ஆயிலில் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கிற பாலிமர் இழைகளை கியர்ப் பற்கள் கத்தரித்துப் போட்டுவிடும். ஆயில் சில ஆயிரம் மைலில் மெலிந்துவிடும். இதற்கு மருந்தாகத்தான் டக்கம்ஸ் கம்பெனி 1960களில் 20டபிள்யூ-50 ஆயிலைப் பிரபலமாக்கியது. பின்னால் இந்தியச் சந்தையிலும் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 இரண்டும் நிலைத்து நின்றன. நம் சூட்டுக்கும் நம் எஞ்சின்களுக்கும் அது தோதாக இருந்தது.

ஆயில் தானாக மெலிந்து போவதற்கு இன்னொரு வழியும் உண்டு, அதை யாழ்ப்பாணத்து வாசகர்களிடம் கேட்க வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காமல், ஏ40 கார்களையும் மோரிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொஞ்சம் பெட்ரோலைக் காட்டி ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயில் தொட்டியில் கலக்கும். நாற்பது ஆயில் சில வாரத்தில் இருபது போல ஆகிவிடும், ஆனால் இருபதுக்கு வேண்டிய எந்த மருந்தும் அதில் இருக்காது. அந்த நிலைமையில் கெட்டியாக ஆரம்பிப்பது தவிர வேறு வழி என்ன இருக்கிறது? எங்கள் பக்கமும் ரேஷன் மண்ணெண்ணெய் வண்டிக்குள் போன கதைகள் உண்டு. அதை விரிவாக எழுதினால் ஊரில் சிலருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன்.

கெட்டி ஆயிலுக்கு ஒரு கெட்ட முகமும் இருந்தது. வண்டி விற்கிற அன்று ஐம்பதோ, அதற்கும் மேலே கியர் ஆயிலோ கலந்து ஊற்றினால், அரைநாள் புகையும் வராது, சத்தமும் வராது. வாங்கினவன் வீடு போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் உண்மை தெரியும். இது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1954-இல் பிறந்த எஸ்டிபி ஆயில் ட்ரீட்மென்ட், தேன்போலக் கெட்டியான சரக்கு. ரேஸ் கார்களில் ஸ்டிக்கர் ஒட்டி விற்றுத் தள்ளினார்கள். 1971-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை அது வெறும் ஆயில் கெட்டியாக்கி என்று போட்டு உடைத்தது. பழைய வண்டிக்குக் கடன் கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள், டிப்ஸ்டிக்கை இழுத்து விரலில் தொட்டுப் பாருங்கள், சூடாக்கி வைத்துவிட்டு "வாங்க சார்" என்று கூப்பிட்டால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, இப்படி எழுபது எண்பது வருஷம் ராஜாவாக இருந்த கெட்டி ஆயில் எப்படிக் கீழே இறங்கியது? காரணம் எஞ்சினுக்குள் இல்லை. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடின. அதன் விளைவாக 1975-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. ஒரு கம்பெனி விற்கும் எல்லாக் கார்களின் சராசரி மைலேஜும் இந்த அளவுக்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் ஒவ்வொரு 0.1 மைலுக்கும், ஒவ்வொரு காருக்கும் 5 டாலர் அபராதம். 1978 மாடலிலிருந்து அமல்.

இங்கேதான் நம் பி.காம். மூளை விழித்துக்கொள்கிறது. கெட்டி எண்ணெயைக் கலக்கிக்கொண்டு சுற்ற எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி வேண்டும். ஒரு படி மெலிந்த ஆயிலுக்கு மாறினால் மைலேஜ் ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும், சில சமயம் அதற்கும் குறைவு. ஒரு சதவீதமே என்று வைத்துக்கொள்வோம். காலன் ஒன்றுக்கு 25 மைல் ஓடும் காரில் அது 0.25 மைல். அபராதக் கணக்கில் காருக்கு 12.50 டாலர். பத்து லட்சம் கார் விற்கிற கம்பெனிக்கு ஒன்றேகால் கோடி டாலர். ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல், கையேட்டில் ஒரு எண்ணை மாற்றி அச்சடித்து வருகிற பணம்.

இப்போது கார்க்காரர் கணக்கு. வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 800 லிட்டர் பெட்ரோல். ஒரு சதவீதம் என்பது 8 லிட்டர். கேரளத்தில் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது, ஆக எண்ணூறு தொள்ளாயிரம் ரூபாய். அதுவும் மிச்சம்தான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியபின் எஞ்சின் எப்படி இருக்கும் என்ற வரவு செலவு கம்பெனி புத்தகத்தில் வராது. வாரண்டி அதற்கு முன்பே முடிந்திருக்கும். அந்தப் பேரேடு முழுக்க முழுக்க கார்க்காரர் பெயரில்தான்.

மாற்றம் படிப்படியாக நடந்தது. ஃபோர்டு 2001 மாடலிலிருந்து பெரும்பாலான எஞ்சின்களுக்கு 5டபிள்யூ-20 என்றது. ஹோண்டா இன்சைட் ஹைப்ரிட் அதற்குச் சற்று முன்பே 0டபிள்யூ-20 கொண்டு வந்தது. இருபதுக்குக் கீழே எண்ணே இல்லாததால் எஸ்ஏஇ 2013-இல் 16 என்ற புது கிரேடை உண்டாக்கியது, 2015-இல் 12, 8 இரண்டையும் சேர்த்தது. இந்தியாவிலும் 2017 ஏப்ரலிலிருந்து கம்பெனி சராசரிக் கணக்கு வந்துவிட்டது, 2022-இல் அதை இறுக்கினார்கள். மாருதி கார்களின் ஆயில் மூடியில் அந்தச் சின்ன எண்கள் வந்தது இந்தக் காலத்தில்தான்.

மெலிந்த ஆயில் வெறும் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் நிறைய பேர், பாதி உண்மைதான் பேசுகிறார்கள். இன்றைய எஞ்சினில் பேரிங் இடைவெளி குறைவு, சிலிண்டர் சுவர் கண்ணாடி போல இருக்கும், ஆயிலும் பழைய கனிம எண்ணெய் இல்லை, சிந்தெடிக். காலையில் சாவி திருப்பின முதல் சில விநாடிகளில்தான் படலம் இல்லாமல் உலோகம் உரசுகிறது. அங்கே சீக்கிரம் ஓடிப் போய்ச் சேர்கிற மெலிந்த ஆயிலுக்குத்தான் ஜெயம். வால்வுகளின் நேரத்தை மாற்றுகிற விவிடி பொறியை இயக்குவதும் எஞ்சின் ஆயிலின் அழுத்தம்தான். கம்ப்யூட்டர் ஒரு குறிப்பிட்ட கெட்டித்தன்மையை எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்கிறது. அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் எச்சரிக்கை விளக்கு எரியலாம், எஞ்சின் சோம்பலாகலாம். அம்பாசடர் வைத்தியத்தை அப்படியே புது ஸ்விஃப்டுக்குச் செய்யக் கூடாது.

ஆனால் பார்க்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நசுங்கும்போது ஆயில் எவ்வளவு தாங்கும் என்பதை அளக்கிறார்கள். 20டபிள்யூ-40க்குக் குறைந்தபட்சம் 3.7, முப்பதுக்கு 2.9, இருபதுக்கு 2.6, பதினாறுக்கு 2.3. வேகமாக ஓட்டுகிற ஐரோப்பாவில், ஏ3/பி4 என்ற தரத்துக்கு 3.5 வேண்டும் என்று ரொம்ப நாள் பிடிவாதமாக இருந்தார்கள். காரணம் எளிது. அங்கே மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும், எண்ணெய் கொதிக்கும்.

இங்கே வளைகுடாவில் இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரே எஞ்சின், ஒரே ஃபாக்டரி. அமெரிக்கக் கையேட்டில் 0டபிள்யூ-20 மட்டும். வளைகுடா மாடலின் கையேட்டைப் பிரித்தால் பல கார்களில் வெப்பநிலைக் கோடு போட்ட ஒரு படம், அதில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30, சிலவற்றில் 40 வரைகூட. எஞ்சின் மாறவில்லை, சட்டம் மாறியிருக்கிறது, வெயிலும் மாறியிருக்கிறது. ஃபோர்டு 2012-இல் மஸ்டாங் பாஸ் 302 விட்டபோது இன்னும் வேடிக்கை. சாதாரண மஸ்டாங்கின் 5 லிட்டர் எஞ்சினுக்கு 5டபிள்யூ-20. ரேஸ் தடத்தில் ஓட்டுவதற்காக அதையே முறுக்கிச் செய்த பாஸ் எஞ்சினுக்கு 5டபிள்யூ-50. உண்மையில் எஞ்சின் வேகப்படப் போகிறது என்றால் எது வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

உச்சகட்டம் 2025 ஏப்ரலில். ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 எஞ்சின் போட்ட 2021 முதல் 2024 வரையிலான பெரிய வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சில்வராடோ, டாஹோ, யூகான், எஸ்கலேடு எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட ஆறு லட்சம். கிராங்க் ஷாஃப்டிலும் கனெக்டிங் ராடிலும் தயாரிப்புக் குறை. சோதனையில் தேறாத எஞ்சினுக்கு ரிப்பேர், இல்லையென்றால் புது எஞ்சின். தேறினவைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? 0டபிள்யூ-20ஐ வடித்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றினார்கள். புது ஃபில்டர், புது எண் அச்சடித்த ஆயில் மூடி, கையேட்டில் ஒட்ட ஒரு தாள்.

குறை ஆயிலில் இல்லை, உலோகத்தில்தான் என்று கம்பெனியே சொல்கிறது, அதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஆனால் பேரிங் சந்தேகமாக இருந்தால் கெட்டியாக ஊற்று என்பதைத்தானே எங்கள் ஆசான்மார் பீடியை ஓரமாகப் போட்டுவிட்டு, கை துடைத்தபடி சொன்னார்கள்? வித்தியாசம் ஒன்றுதான். ஆசான் கெட்டி ஆயில் ஊற்றியது டிரைவரின் செலவைத் தள்ளிப்போட. இங்கே தள்ளிப்போனது கம்பெனியின் செலவு.

அமெரிக்காவில் 2025 ஜூலையில் ஒரு புதுச் சட்டம், மைலேஜ் குறைந்தால் கட்டுகிற அந்த அபராதத்தைப் பூஜ்யம் ஆக்கிவிட்டது. ஐம்பது வருஷத்துக் கணக்குத் தலைப்பு ஒரே வரியில் மூடப்பட்டது. இனி ஆயில் எண்கள் மறுபடி மேலே ஏறுமா என்று கேட்டால், அவ்வளவு சுலபமில்லை. எஞ்சின்களின் பேரிங்கும் பம்ப்பும் ஏற்கனவே மெலிந்த ஆயிலுக்காகவே கடைந்தெடுக்கப்பட்டுவிட்டன, மற்ற நாடுகளின் சட்டங்களும் அப்படியே நிற்கின்றன. உங்கள் காருக்கு என்ன ஊற்றலாம் என்பதற்கு, வண்டியோடு வந்த கையேட்டில் உங்கள் நாட்டுக்கான பக்கத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று கிரேடு போட்டிருந்தால், வாரண்டி கெடாமல் அதற்குள்ளேயே ஒரு படி கெட்டியாகப் போக உங்களுக்கு இடம் இருக்கிறது. ஒன்றே ஒன்று போட்டிருந்தால் வாரண்டி முடியும்வரை அதையே ஊற்றுங்கள், பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.